கத்திரி வெயிலில் அடை

சித்திரை பிறந்து பத்து நாள். கண்மாய்த் தண்ணீர் வற்றி மடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டையாக ஒடுங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த கரம்பை. மணி பதினொன்று. பறவை பார்க்கப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே பைனாகுலரைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பிவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான். அன்றைக்குச் சைக்கிள் டயரில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கரையோரத்து நாட்டுக்கருவை நிழலில் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆள்காட்டிப் பறவையை ஒழுங்காகப் பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கு அதே இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. இப்போது நின்றுகொண்டிருந்தது. கால் இரண்டும் லேசாக மடிந்து, சிறகுகள் உடம்பைவிட்டு விலகித் தொங்க, அலகைத் திறந்து வைத்திருந்தது. தொண்டைத் தோல் படபடவென்று அடித்துக்கொண்டது. பறவைக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வெளியே தள்ளியாக வேண்டும். கால்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். அதன் நிழல் அந்த நான்கின் மேலும் அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தது. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நின்றது.

வீட்டுக் கோழி அடை உட்காருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது. பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். முட்டைக்குள் கரு வளர ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 36 முதல் 38 டிகிரி செல்சியஸ். 25, 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுபோகும். திரும்பச் சூடு கிடைத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தாய் இரை தேடப் போகிற நேரத்தை முட்டை தாங்குவது இதனால்தான். மேலே ஏறினால் அந்தச் சலுகை இல்லை. 41, 42 டிகிரியைத் தாண்டிச் சிறிது நேரம் இருந்தாலே கரு செத்துவிடும். குளிர்ச்சிப் பக்கம் பத்து டிகிரிக்குமேல் தாராளம். வெயில் பக்கம் நான்கே டிகிரி.

மதுரையிலும் திருச்சியிலும் வேலூரிலும் சித்திரை, வைகாசியில் காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. நிழலில்லாத வெறும் தரை நண்பகலில் 50-ஐத் தாண்டும். அந்தத் தரையில்தான் ஆள்காட்டி முட்டை இடுகிறது. கூடு என்று சொல்வதே மரியாதைக்கு. மண்ணை லேசாகப் பறித்த ஒரு குழி, சுற்றிலும் கொஞ்சம் பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை. குளிர்நாட்டுப் பறவை முட்டையைச் சூடாக்க உட்காருகிறது. நம் ஊர்ப் பறவை கோடைப் பகலில் உட்காருவதும் எழுந்து நிற்பதும் முட்டை வெந்துபோகாமல் இருக்க.

அரை மணி கழித்து அதன் ஜோடி வந்தது. குட்டைப் பக்கமிருந்து நடந்தே வந்தது. அடிவயிற்று இறகெல்லாம் தொப்பலாக நனைந்து, துவட்டாத தலையோடு வருகிற பிள்ளை மாதிரி இருந்தது. நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது ஒதுங்கியது. வந்தது ஈர வயிற்றோடு முட்டைகள் மேல் அமர்ந்தது. வேண்டுமென்றே தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரப்படுத்தும் இந்த வழக்கத்தை ஆள்காட்டி இனத்தில் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது.

ஆள்காட்டியின் கூட்டைத் தேடிப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது அதன் சத்தத்தில். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு காலடியில்தான் என்று நினைத்துக்கொள்வோம். அடையில் இருக்கும் பறவை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஆள் தூரத்தில் வரும்போதே எழுந்து, தலையைத் தாழ்த்தி, சத்தம் காட்டாமல் ஓடி, வெகுதூரம் போய் நின்றுகொண்டுதான் குரலெடுக்கும். நாமும் அது கத்துகிற இடத்தைப் போய்த் தடவிக்கொண்டிருப்போம். ஆளைக் காட்டிக்கொடுக்கிற பறவை என்று பெயர் வைத்தார்கள். கூட்டை மட்டும் அது காட்டுவதில்லை. எங்கே முட்டை இட்டாய் என்று அதனிடமே கேட்கிற நாட்டுப்பாட்டு ஒன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்குகிறது. பாட்டுக் கட்டியவர் கண்மாயில் ஒரு பகலாவது வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும்.

நிழலில் அசையாமல் உட்கார்ந்தால் மட்டும் அதுவே வந்து காட்டும். முட்டைகள் மண் நிறம், மேலே கரும்பழுப்புத் திட்டு. நாலு பேர் தலையைக் கூட்டி ரகசியம் பேசுவதுபோலக் கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்திருக்கும். அப்படி அடுக்கினால் நான்கும் சின்ன இடத்தில் அடங்கி ஒரே வயிற்றின் கீழ் வந்துவிடுகின்றன. ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஆள்காட்டி மேட்டில் முட்டையிட்டால் மழை நன்றாகப் பெய்யும் என்று நம்புகிறார்கள். எங்கள் ஆள்காட்டி பள்ளத்திலும் இடவில்லை, மேட்டிலும் இடவில்லை. நட்ட நடுவில் இட்டிருந்தது. விவசாயிகளிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்தக் கத்திரியில் அடை உட்கார வேண்டும்? கார்த்திகையில் குளிராக இருக்குமே என்று கேட்கலாம். கார்த்திகையில் இந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். நாலு பக்கமும் பார்வை போகிற வெட்டவெளி ஆள்காட்டிக்கு வேண்டும். கண்மாய் அதைக் கொடுப்பது கோடையில்தான். முட்டை பொரிக்க 28 முதல் 30 நாள் ஆகிறது. அதற்குள் ஒன்றிரண்டு கோடைமழை விழுந்தால் ஈசலும் வண்டும் கிளம்பிவிடும். குஞ்சுக்குச் சாப்பாடு தயார். குஞ்சின் வயிற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எந்தப் பறவையின் கூடு கட்டும் மாதமும் ஓரளவு பிடிபடும். தூக்கணாங்குருவியால் பச்சைப் புல் நீளமாக வளர்ந்தால்தான் பின்ன முடியும், குஞ்சுக்குப் பூச்சியும் தானியமும் வேண்டும். ஆகவே மழைக்குக் காத்திருக்கிறது. குக்குறுவான் காத்திருப்பதில்லை. ஆலும் அரசும் இத்தியும் பழுக்கிற கணக்கில் அது மாசியிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

செம்மார்புக் குக்குறுவான் மரம் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் அதற்கும் வெயில் கணக்கு உண்டு என்றுதான் தோன்றுகிறது. பட்டுப்போன கிளை, முருங்கை மாதிரி மெத்து மரமாக இருந்தால் நல்லது. கிளையின் அடிப்பக்கம் பார்த்துத் துளை போடும். வெயிலும் மழையும் நேரே உள்ளே இறங்காது. கன்னார் தெருவில் செம்பு தட்டுவதுபோல டொக் டொக் என்று அது கூப்பிடுவதை எண்ணிப் பார்த்தவர்கள் நிமிடத்துக்கு 108 முதல் 121 தடவை என்று கணக்குச் சொல்கிறார்கள். கூப்பிடும்போது அலகு மூடியே இருக்கும். தொண்டைதான் உப்பி உப்பி அடங்கும். உச்சி வெயிலில் மற்ற பறவைகள் வாயடைத்துப்போன பிறகும் இது விடாது. எங்கள் தெருவில் ஒரு முருங்கைக் கிளையைக் காய்ந்துவிட்டதென்று வெட்டினார்கள். உள்ளே மூன்று வெள்ளை முட்டைகள். பொந்திலும் வளையிலும் இடுகிறவற்றின் முட்டை பெரும்பாலும் வெள்ளைதான். குக்குறுவான், ஆந்தை, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் எதுவானாலும் அப்படியே. இருட்டுக்குள் கிடக்கிற முட்டைக்குச் சாயம் எதற்கு?

பஞ்சுருட்டானிடம் வருவோம். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

கரையின் உட்சரிவில், போன வருசம் வண்டல் அள்ளிய இடத்தில், மண் நாலடிக்கு வெட்டுச்சுவராக நிற்கிறது. அதில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவில் ஏழெட்டுத் துளைகள். பச்சைப் பஞ்சுருட்டான் அலகால் மண்ணை இளக்கிக் காலால் பின்னுக்குத் தள்ளி, சில நேரம் ஐந்தடி நீளம் வரைகூட வளை தோண்டும். கடைசியில் ஒரு சின்ன அறை. அங்கே வெறும் மண்ணில் முட்டை. வெளியே தரை கொதிக்கும்போதும் உள்ளே சூடு அவ்வளவாக ஏறுவதில்லை. ஆள்காட்டி நாள் முழுக்க நின்று சமாளிப்பதைப் பஞ்சுருட்டான் ஒரு தடவை தோண்டி முடித்துவிடுகிறது. எனக்கு இது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. கோடையில் வண்டல் அள்ள மறுபடி ஜேசிபி வரும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

எதிரே கம்பியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அலகில் தேனீ. கம்பியில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டது. உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் போகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, தேனீயைக் கவ்வியபடியே குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் கண்மாய்க்குள், துளைகளுக்கு நேர் எதிரே, பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தேன்.

மகாராஷ்டிரத்தில் மிலிந்த் வாட்வேயும் அவருடைய மாணவர்களும் இந்தப் பறவையை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். அதன் விவரம் 2002-இல் வெளியானது. சோதனை ரொம்ப எளிமை. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஓர் ஆள் இரண்டு இடங்களில் மாறி மாறி நிற்பார். ஒரு இடத்திலிருந்து பார்த்தால் வளையின் வாய் தெரியும். இன்னொரு இடத்திலிருந்து ஏதோ ஒன்று மறைக்கும். பறவைக்கு இரண்டு இடத்திலும் ஆள் நன்றாகத் தெரிகிறார். அவரைப் பார்த்து மட்டும் பயந்தால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி தயங்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆளுக்கு வளை தெரியாத இடமென்றால் பஞ்சுருட்டான் அதிகம் துணிந்து உள்ளே போனது. தெரிகிற இடமென்றால் தயங்கியது. ஆள் கூட்டைப் பார்க்கிறாரா, வேறு பக்கம் பார்க்கிறாரா என்பதும் கணக்கில் வந்தது.

எதிரி எங்கே நிற்கிறான் என்பதோடு, எதிரிக்கு என்ன தெரிகிறது என்பதையும் அந்தப் பறவை எடைபோடுகிறது. இதை அடுத்தவர் மனத்தைப் படிப்பது என்று சொல்லலாமா, அனுபவத்தில் படிந்த ஒரு பழக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டுமா என்று வாதிடலாம். குரங்குகளைப் பற்றிக் கேட்கிற கேள்வியைக் கைக்கடங்கிய ஒரு பறவையைப் பற்றிக் கேட்க வேண்டி வந்ததே பெரிய விஷயம் என்பேன்.

நான் துளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து தோளுக்கு மேலாகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குள் பச்சையாக ஏதோ பாய்ந்து துளைக்குள் மறைந்தது. ஒரே ஒரு தடவை நடந்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடம் உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடந்ததற்குக் காரணம் யார் என்பதில் சந்தேகம் இல்லை.

கூடு பார்ப்பதில் நம் எல்லோரையும்விடத் தேர்ந்தது பெண்குயில். கூவுகிற கருங்குயில் ஆண். பெண் பழுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக இலைகளுக்குள் மறைந்திருக்கும். காக்கை கூடு கட்டத் தொடங்கும் நாளிலிருந்து அது நோட்டம் பார்க்கிறது. காக்கை முட்டையிடத் தொடங்கிய சமயத்தில், ஒரு நிமிட இடைவெளி கிடைத்தால் போதும், உள்ளே போய்த் தன் முட்டையை வைத்துவிட்டு வந்துவிடும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடுகிறது. காக்கை முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். முந்திப் பிறந்தவனுக்குத்தான் முதல் சோறு. குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளைக் கூட்டைவிட்டுத் தள்ளிக் கொன்றுவிடும் என்று பள்ளியில் கேள்விப்பட்டிருப்போம். அது ஐரோப்பியக் குயிலின் கதை. நம்முடையது எப்போதும் அப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. தொடக்கத்தில் காக்கை மாதிரியே கத்தவும் செய்யும்.

பெண்குயிலுக்குக் கூட்டைப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு என்ன காரணம்?

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். பக்கத்து வீட்டு மருதாணி வேலியில் கொண்டைக்குருவி கூடு வைத்திருந்தது. புத்தகத்தில் செம்புழைச் சின்னான். இரவல் கேமரா ஒன்று ஒரு நாளைக்குக் கிடைத்தது. குஞ்சு மூன்று, கண் திறக்கவில்லை, உடம்பில் இறகே இல்லை. முன்னால் இரண்டு கொப்பு மறைத்தது. ஒடிக்கக்கூடாது என்கிற அறிவு இருந்தது. ஆகவே சணல் கயிற்றால் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். கடைக்குப் போகச் சொல்லி அம்மா கூப்பிட்டாள், போனேன். கயிறு மறந்துவிட்டது. மாலையில் வந்து பார்த்தபோது மூன்றும் கழுத்துத் துவண்டு கிடந்தன, எறும்பு வந்திருந்தது. தாய் வாயில் புழுவோடு வேலிமேல் உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு கொப்பும் எதற்காக அங்கே இருந்தன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. படங்களைக் கழுவி எடுக்கவேயில்லை.

கூடு பார்ப்பது ஒரு காலத்தில் முட்டை எடுப்பதாகவே இருந்தது. இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1870-களில் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரசைத் தொடங்கிவைத்தாரே, அதே ஹியூம்தான். காங்கிரஸ் பிறந்த 1885-ஆம் ஆண்டிலேயே அவருடைய பறவைச் சேகரிப்பு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பாடம் செய்த பறவைத் தோல்களோடு 18,000-க்கும் அதிகமான முட்டைகளும் அதில் இருந்தன. நாடெங்கும் இருந்து அவருக்கு எழுதியவர்கள், எந்த மாதம், எந்த மரம், எத்தனை முட்டை என்று குறித்து அனுப்பியதால்தான் நம் பறவைகளின் அடைகாலம் பற்றிய முதல் விரிவான கணக்கு கிடைத்தது. அந்தக் கடனை மறுக்க முடியாது. இன்றைய சட்டம் அவர்கள் எல்லோரையும் வேட்டைக்காரர்கள் என்றே சொல்லும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குக் கொடுத்திருக்கும் வரையறையில், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதோடு, முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் சேர்கிறது. சணல் கயிற்றுக்காரனும் அதில் வருவான்.

இந்தக் கண்மாயின் பெயரை நான் இதுவரை எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். எழுதப்போவதும் இல்லை. கூட்டின் இருப்பிடம் வெளியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்துக் கேமரா வரும். பத்துப் பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். பத்து நல்லவர்களும் ஆளுக்குக் கால் மணி நேரம் நின்றால், ஆள்காட்டி இரண்டரை மணி நேரம் முட்டையைவிட்டு விலகி நிற்கும். பதினொரு மணி வெயிலில் நான்கு டிகிரி ஏற அவ்வளவு நேரம் வேண்டாம். அதுபோக, நாம் எங்கே உற்றுப் பார்க்கிறோம் என்று காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வைகாசி பிறந்த பிறகு ஒரு காலையில் போனபோது குழி காலியாக இருந்தது. முட்டை ஓடுகூட இல்லை. கீரி கொண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டினேன். கண்மாய்க்குள் கிடை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கம்பை ஊன்றி நின்ற கீதாரியிடம் சொன்னேன்.

“முட்ட போயிருந்தா அது ஏன் தம்பி இந்தக் கத்து கத்துது?” என்றார். “வேற எடம் பாத்துப் போயிருக்கும்ல.”

உண்மைதான். இரண்டும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று தரையிறங்கி, முன்னால் வந்த ஒரு கிடாய்க்கு நேரே சிறகை விரித்து நின்று கத்தியது. கிடாய் விலகிப்போனது. ஆள்காட்டிக் குஞ்சு முட்டையைவிட்டு வரும்போதே கண் திறந்து, மேலெல்லாம் தூவியோடு வரும். நான்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரியும். ஈரம் உலர்ந்ததும் நடந்து குழியைவிட்டுப் போய்விடும். கொண்டைக்குருவிக் குஞ்சுபோலக் கூட்டில் கிடப்பதில்லை. ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் என்பதால் பெற்றவை அதையும் தூக்கிக்கொண்டுபோய் எங்காவது போட்டுவிடும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். காலிக் குழியைப் பார்த்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தேன்.

“தம்பி, அங்ஙனயே நில்லுங்க. காலெடுக்காதீங்க.”

குனிந்து பார்த்தேன். என் வலது செருப்புக்கு அரை முழம் தள்ளி, காய்ந்துபோன ஒரு மாட்டுக் குளம்படிப் பள்ளம். அதற்குள் மண்ணாங்கட்டி ஒன்று. மண்ணாங்கட்டிக்குக் கண் இருந்தது. கறுப்பாக, அசையாமல், ஒரே ஒரு தடவை மூடித் திறந்தது.

கீதாரி நாக்கை மடக்கிச் சீழ்க்கையடித்து ஆடுகளை மேற்கே திருப்பினார். மந்தை கரையேறும்வரை நான் கால் மாற்றிக்கூட வைக்கவில்லை. வெயில் முதுகில் ஏறியது. என் நிழல் அந்தப் பள்ளத்தின் மேல் கிடந்தது. ஆட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகு தாய் தரைக்கு வந்து ஒரு குரல் கொடுத்தது. பள்ளத்துக்குள்ளிருந்து தீக்குச்சிக் கால்கள் இரண்டு எழுந்து ஓடின. என் இடதுகால் பக்கமிருந்து இன்னொன்றும் எழுந்து ஓடியது. அதை நான் பார்க்கவே இல்லை.